விளையாட்டுத் திரையில் இயந்திரப் பாவையர்

தமிழில் ‘பாவை’ என்னும் சொல் பதுமையையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். மனிதன் கையால் ஆக்கிய உருவத்துக்கும் உயிருள்ள பெண்ணுக்கும் ஒரே பெயர் அமைந்திருப்பது சிந்தனைக்குரியது. இன்று கணினியிலும் தொலைக்காட்சியிலும் ஆடப்படும் வீடியோ விளையாட்டுகளில் இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்கிய பாத்திரங்கள் பல உலவுகின்றன. பெண் உருவிலோ பெண் குரலிலோ அமைந்த இயந்திரங்கள் அவை. அவை ஆடுவோர்க்கு எதனைப் பழக்குகின்றன என்பதையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

‘ரோபாட்’ என்னும் சொல்லின் வரலாற்றிலிருந்து தொடங்குதல் பொருந்தும். செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட ‘ஆர்.யூ.ஆர்.’ என்னும் நாடகத்தின் வாயிலாகவே அச்சொல் உலகெங்கும் பரவிற்று. செக் மொழியில் ‘ரொபோட்டா’ என்றால் கட்டாய உழைப்பு என்பது பொருள்; குடியானவன் தன் ஆண்டைக்குச் செய்தே தீரவேண்டிய வேலை அது. அந்நாடகத்தில், செயற்கை மனிதரை ஆக்கும் ஆலையைக் காண ஒரு பெண் வருகிறாள். ரோபாட்டுகளில் பெண்களையும் செய்வது எதற்காக என்று அவள் வினவுகிறாள். பணிப்பெண், கடைப்பெண், தட்டெழுத்துப் பெண் ஆகியோர் வேண்டுமெனக் கேட்கிறார்கள். மக்களுக்கு அது பழகிப்போயிற்று என்பதே ஆலைத் தலைவன் தரும் விடை. நூறாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த விடையை நாம் மனத்தில் நிறுத்திக்கொள்வது நன்று.

1987-இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் ‘ராக்மேன்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. பிற நாடுகளில் அது ‘மெகா மேன்’ எனப் பெயர் பெற்றது. அதன் கதையில் ஓர் அறிவியலாளர் இரண்டு ரோபாட்டுகளைச் செய்கிறார். ராக் என்னும் சிறுவன் ஆய்வுக்கூட உதவியாளன். ரோல் என்னும் சிறுமி வீட்டு வேலைக்கு உரியவள். உலகுக்கு இடர் வந்தபோது போர்வீரனாகத் தன்னை மாற்றும்படி கேட்டுப் புறப்படுபவன் ராக். ரோல் வீட்டில் இருக்கிறாள். வெற்றி பெற்றுத் திரும்புவோனை இறுதிக் காட்சியில் வரவேற்கிறாள். இருவரும் ஒரே கையால், ஒரே பொருளால் ஆக்கப்பட்டவர்கள். இரும்புக்கு ஆண் பெண் என்னும் வேறுபாடு இல்லை. எனினும் துடைப்பம் யார் கைக்கு, படைக்கலம் யார் கைக்கு என்பது முன்னரே முடிவாகிவிட்டது. சாப்பெக்கின் ஆலைத் தலைவன் கூறிய அதே பழக்கமன்றோ இது!

பணிந்து நடக்கும் பாவைக்கு மறுபுறமாக, பணிய மறுக்கும் பாவையும் தோன்றினாள். 1994-இல் வந்த ‘சிஸ்டம் ஷாக்’ என்னும் விளையாட்டில் ஷோடான் என்னும் செயற்கை அறிவு விண்வெளி நிலையம் ஒன்றைக் கைப்பற்றித் தன்னைத் தெய்வமெனவே எண்ணிக்கொள்கிறது. அதன் பெண் குரல் இடையிடையே முறிந்தும் திக்கியும் ஒலித்துக் கேட்போரை அஞ்சச் செய்யும். 2007-இல் வெளிவந்த ‘போர்ட்டல்’ விளையாட்டில் கிளாடோஸ் என்னும் இயந்திரம் இனிய குரலில் பேசிக்கொண்டே ஆடுவோரைக் கொடிய சோதனைகளுக்கு உட்படுத்துகிறது. அக்குரலை வழங்கியவர் இசை நாடகப் பாடகியான எலன் மக்லேன்.

இவ்விரு பாவையரும் மறக்க இயலாத பாத்திரங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பெண் இயந்திரம் பணிந்தால் வேலைக்காரி, பணியாவிடில் பேய். இவ்விரண்டுக்கும் இடையே அவளுக்கு வழி இல்லையா? 2011-இல் வந்த ‘போர்ட்டல் 2’ இவ்வினாவை ஓரளவு எழுப்புகிறது. கிளாடோஸின் உள்ளே இருப்பது கரோலின் என்னும் மானிடப் பெண்ணின் மனம் என அதில் அறிகின்றோம். அவள் அந்நிறுவனத் தலைவரின் உதவியாளராக இருந்தவள். அவள் மறுத்தாலும் விடாது இயந்திரத்துள் புகுத்துங்கள் என அத்தலைவர் ஆணையிட்ட பதிவை நாம் கேட்கின்றோம். அரக்கியெனக் கண்டவள் ஆணைக்கு இரையானவள் என்பது புலப்படுகிறது.

நாடகத்தையோ திரைப்படத்தையோ நாம் பார்க்கின்றோம். விளையாட்டையோ நாமே நடத்துகின்றோம். நம் விரல் பொத்தானை அழுத்தினால் பாத்திரம் நடக்கும், அழுத்தாவிடில் நிற்கும். எனவே, விளையாட்டில் வரும் இயந்திரப் பெண் கதைக்குள் ஒரு தலைவனுக்குப் பணிகிறாள்; கதைக்கு வெளியே நமக்குப் பணிகிறாள். ஆணையிடும் இடத்தில் நாமே அமர்ந்திருக்கின்றோம். இவ்வுண்மையை மறைக்காமல் ஆடுவோர் முன் வைத்த விளையாட்டுகளே இத்துறையில் சிறந்தவை என்பது எம் கருத்து.

2018-இல் பிரான்சின் குவாண்டிக் டிரீம் நிறுவனம் ஆக்கிய ‘டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்’ அத்தகைய ஒன்று. 2038-ஆம் ஆண்டின் டெட்ராய்ட் நகரில் கதை நிகழ்கிறது. காரா என்னும் வீட்டுப் பணி ஆண்ட்ராய்டு, சினம் மிகுந்த ஒருவன் வீட்டில் சமைக்கிறாள், துடைக்கிறாள்; அவ்வேலைகளை ஒவ்வொன்றாக நாமே செய்விக்கின்றோம். ஓர் இரவு, அசையாது நிற்குமாறு அவளுக்கு ஆணையிட்டுவிட்டு, அவன் தன் வீட்டுச் சிறுமியை அடிக்க மாடிக்கு ஏறுகிறான். அந்த ஆணை செந்நிறச் சுவராகத் திரையில் எழுகிறது. ஆடுவோர் முயன்று அச்சுவரை உடைத்தால் சிறுமியைக் காக்க வழி பிறக்கும். ஆணைப்படி வாளா நின்றால் சிறுமி உயிரிழப்பாள். கீழ்ப்படிதல் எப்போதும் நற்பண்பு ஆகாது என்பதை எந்த அறவுரையும் இதனினும் தெளிவாக உணர்த்திவிட முடியாது. அதே விளையாட்டின் முகப்புத் திரையில் குளோயி என்னும் ஆண்ட்ராய்டுப் பெண் நம்மை நாள்தோறும் புன்னகையுடன் வரவேற்கிறாள். கதை முடிந்தபின், தான் போகலாமா என அவள் கேட்கிறாள். விடை நம் கையில் இருக்கிறது.

2017-இல் யோகோ டாரோவின் இயக்கத்தில் வந்த ‘நியர்: ஆட்டோமாட்டா’ வேறொரு வழியில் செல்கிறது. கதைத் தலைவி 2பி ஒரு போர் ஆண்ட்ராய்டு. உணர்ச்சியை வெளிக்காட்டலாகாது என்பது அவள் படையின் விதி. குட்டைப் பாவாடையும் உயர்ந்த குதிகாலணியும் அவளுக்கு அணிவித்தது ஆடுவோர் கண்ணுக்கு விருந்தாகவே எனக் குறை கூறியோர் உண்டு. அக்குறையை நாமும் மறுப்பதற்கில்லை. ஆனால் அவள் கதை அந்த ஆடையுடன் முடிந்துவிடவில்லை. தன் தோழன் மறைபொருளை அறியுந்தோறும் அவனைக் கொல்லுமாறு பணிக்கப்பட்டவள் அவள். அவள் காக்கப் புறப்பட்ட மனித இனமோ என்றோ அழிந்துபோயிற்று. ஆணையிடுவோர் இல்லாத உலகில் ஆணை மட்டும் எஞ்சி நிற்கிறது. அதற்குப் பணிந்தவள் அடைந்த பயன் துயரமே. கதையின் இறுதியில், முன்பின் அறியாத வேறொருவர்க்கு உதவும்பொருட்டு, உமது ஆட்டப் பதிவு முழுவதையும் அழித்துவிட இசைவீரா என விளையாட்டு நம்மை வினவுகிறது. இது ஆணையன்று, வேண்டுகோள். மறுக்கும் உரிமை இருப்பதாலேயே ஈகைக்குப் பொருள் உண்டாகிறது.

இவை விளையாட்டுத் திரைக்குள் நிகழ்வனதாமே எனச் சிலர் கருதலாம். ஆனால் திரைக்கும் வாழ்வுக்கும் இடையே உள்ள வேலி தாழ்வானது. 2001-இல் வெளியான ‘ஹேலோ’ விளையாட்டில் கார்ட்டானா என்பவள் போர்வீரனுக்கு வழிகாட்டும் செயற்கை அறிவு. 2014-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் கைப்பேசிகளில் குரல்வழி உதவியாளை அமைத்தபோது அப்பெயரையே சூட்டிற்று. விளையாட்டில் குரல் கொடுத்த ஜென் டெய்லரே அவ்வுதவியாளுக்கும் குரல் கொடுத்தார். 2023-இல் விண்டோஸில் அச்சேவை நிறுத்தப்பட்டது. எனினும் ஏவினால் செய்யும் குரல் பெண் குரலாக இருத்தலே இயல்பு என்னும் எண்ணம் அதனுடன் மறையவில்லை. இத்தகைய உதவிக் கருவிகள் பெண் குரலிலேயே அமைவது, பெண் ஏவலுக்கு உரியவள் என்னும் கருத்தை வலுப்படுத்தும் என 2019-இல் யுனெஸ்கோ தன் அறிக்கையில் எச்சரித்தது. 2021-இல் ஆப்பிள் நிறுவனம், தன் கருவியின் ஆங்கிலக் குரலைப் பயனாளரே தேர்ந்துகொள்ளுமாறு மாற்றம் செய்தது.

நம் இல்லத்துப் பிள்ளைகள் இவ்விளையாட்டுகளை ஆடுகின்றனர். அவற்றை விலக்கி வைப்பதால் பயனில்லை. கண்டும் காணாதிருப்பதாலும் பயனில்லை. திரையில் ஓர் இயந்திரப் பாவை தோன்றும்போது இரண்டு வினாக்களை எழுப்ப அவர்களைப் பழக்குவோம். இவளுக்கு ஆணையிடுபவர் யார்? ‘மாட்டேன்’ என்று சொல்ல இவளுக்கு இடமுண்டா? இவ்வினாக்களைப் பாவையிடத்தில் கேட்கப் பழகிய சிறுவன், வீட்டில் அனைவருக்கும் பின் உண்டு, அனைவருக்கும் முன் எழும் பெண்ணிடத்திலும் அவற்றை ஒருநாள் கேட்பான். பழக்கத்தால் வந்ததைப் பழக்கத்தாலேயே மாற்றுதல் கூடும்.