தாடை நகர்ந்தால் மூச்சும் மாறும்

துருத்திய கீழ்த்தாடையைச் சரிசெய்ய வருபவர்கள் பெரும்பாலும் முகத்தோற்றம், கடித்து மெல்லும் சிரமம் இவற்றைப் பற்றியே பேசுவார்கள். மூச்சைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால், தாடை எலும்பை அசைத்தால் அதன் பின்னால் இருக்கும் மூச்சுவழியும் மாறும்.

நாக்கின் பெருந்தசை, முகவாயின் உட்புறத்திலுள்ள சிறு எலும்பு முனைகளிலிருந்து கிளம்புகிறது. கழுத்தில் இருக்கும் நாவடி எலும்பு வேறெந்த எலும்போடும் சேராமல் தசைகளிலேயே தொங்குகிறது. அவற்றில் சில தாடையிலிருந்து வருபவை. மென்அண்ணம் மேல்தாடையோடு இணைந்தது. அதனால் தாடை போகும் பக்கம் இவையும் போகும். மூச்சுக்குழாய்க்கு இருப்பதுபோலக் குருத்தெலும்பு வளையங்கள் நாக்குக்குப் பின்னாலுள்ள தொண்டைக்கு இல்லை. தசைகளின் விறைப்புதான் அதைத் திறந்து வைக்கிறது. தூக்கத்தில் அந்த விறைப்பு தளர்ந்துவிடும். குறுகிய தொண்டையாக இருந்தால் குறட்டை வரும். பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சே நின்றுபோவதும் உண்டு.

தாடை அறுவையில் மேல்தாடையை வெட்டும் கோட்டுக்கு 'லெஃபோர்ட் 1' என்று பெயர். பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெஃபோர்ட், இறந்தவர்களின் தலைகளை மோதி உடைத்து, முக எலும்பு எங்கெங்கே பிளக்கிறது என்று 1901இல் வகுத்துச் சொன்னார். கீழ்த்தாடையைப் பின்பகுதியில் நெடுக்குவாட்டில் இரண்டு ஏடாகப் பிளந்து நகர்த்தும் முறையை 1950களில் ஹ்யூகோ ஒப்வெகெசர் உருவாக்கினார். நகர்த்திய எலும்பை டைட்டானியம் தகடும் திருகும் பிடித்துக்கொள்கின்றன.

இரண்டு தாடைகளையும் சுமார் 10 மில்லிமீட்டர் முன்னே கொண்டுவந்தால் தொண்டை அகலும். கடுமையான தூக்க மூச்சுத்தடைக்கு இதுவும் ஒரு சிகிச்சை. 2010இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், மணிக்குச் சராசரியாக 64 முறை தடைப்பட்ட மூச்சு, அறுவைக்குப் பின் 10க்கும் கீழே இறங்கியது. வியக்கத்தக்க பலன் இது. கீழுதட்டில் மரத்துப்போகும் உணர்வு சிலருக்கு நீடிக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கீழ்த்தாடையைப் பின்னே தள்ளினால் கதை தலைகீழ். நாக்கு பின்வாங்கும், நாவடி எலும்பு இறங்கும், வழி குறுகும். பெரும்பாலோருக்கு உடல் சமாளித்துக்கொள்கிறது. பருமனானவர்களுக்கும் ஏற்கெனவே குறட்டை விடுபவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அதனால்தான் பல அறுவை நிபுணர்கள் மேல்தாடையைக் கொஞ்சம் முன்னே கொண்டுவந்து, கீழ்த்தாடையைத் தள்ளும் அளவைக் குறைக்கிறார்கள். ஸ்கேனில் மூச்சுவழி அகலமாகத் தெரிவதை மட்டும் நம்பவும் கூடாது. அது விழித்திருக்கும்போது எடுத்த படம்.

தாடை அறுவைக்குத் தயாராகிறீர்கள் என்றால், குறட்டை, பகல் தூக்கம், காலைத் தலைவலி எது இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தேதி குறிப்பதற்கு முன்பே தூக்கப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.