கிரீஸ் அடிப்பது எத்தனை நாளைக்கு ஒருமுறை?



"மெஷினுக்கு எப்ப கிரீஸ் அடிப்பீங்க?" என்று கேட்டால், நம் ஆட்களில் பலர் "சத்தம் வந்தா அடிப்போம்" என்பார்கள். சத்தம் வருகிறது என்றால், உள்ளே இரும்போடு இரும்பு உரசித் தேயத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் தேய்ந்தது தேய்ந்ததுதான்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில், கொழுந்து ஏற்றி வந்த டிரக்டர் ஒரு வளைவில் சரியாகத் திரும்பாமல் மண்மேட்டில் மோதி நின்றது. மற்றப் பக்கம் பள்ளம். நல்ல காலம், பெட்டியில் ஆட்கள் இல்லை. முன் சில்லைத் திருப்பும் கிங்பின் காய்ந்து இறுகிப் போயிருந்தது. டிரைவர் தம்பி, "போன மாசந்தானே ஐயா கிரீஸ் அடிச்சேன்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த மாதம் கொழுந்து அதிகம். காலையிலிருந்து இருட்டும் வரை மழையிலும் சேற்றிலும் வண்டி ஓடியது.

ஆகவே, கலண்டரை மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை மணித்தியாலம் ஓடியது, எப்படிப்பட்ட இடத்தில் ஓடியது என்றும் பார்க்க வேண்டும்.

1. டிரக்டர்: கிங்பின், முன் அச்சின் நடுப் பின் ஆகியவற்றுக்கு மழை, சேறு உள்ள நாட்களில் தினமும், அதாவது சுமார் 10 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அடியுங்கள். காய்ந்த ரோட்டில் ஓடினால் பொதுவாக 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு தடவை. வண்டியோடு வந்த புத்தகத்தில் வேறு கணக்கு இருந்தால் அதன்படியே செய்யுங்கள். வண்டியைக் கழுவிய பிறகும் அடிக்க வேண்டும். புதுக் கிரீஸ்தான் உள்ளே போன தண்ணீரை வெளியே தள்ளும்.

2. பெட்டியின் சில்லு பெயரிங்: வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் வையுங்கள். ஓடி வந்து நின்றதும் ஒரு சில்லின் நடுப்பகுதி மட்டும் மற்றதைவிட அதிகம் சுட்டால், அதே நாளில் சொல்லிவிடுங்கள்.

3. மின்சார மோட்டார்: இதற்கு அளவோடுதான். கிரீஸ் கூடினாலும் பெயரிங் சூடாகிக் கெட்டுப்போகும்.

4. பெக்டரி மெஷின்: தேயிலை எந்த வாசனையையும் சட்டென்று இழுத்துக்கொள்ளும். கொழுந்து படும் இடத்துக்குப் பக்கத்தில், உணவு மெஷினுக்கு உரிய கிரீஸைத் தவிர வேறு எதையும் பூச வேண்டாம்.

5. மருந்து பம்பு: சில ரப்பர் வாஷர்கள் சாதாரண கிரீஸ் பட்டால் ஊதிப்போகும். கேட்டுத் தெரிந்துகொண்டு பூசுங்கள்.

அடிக்கும் முறையும் முக்கியம். முதலில் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். நிப்பிளைத் துணியால் துடையுங்கள். துடைக்காமல் அடித்தால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும். டிரக்டர் பின்களில் பழைய கிரீஸ் வெளியே வந்து புதியது தெரிந்ததும் நிறுத்துங்கள். வேறு வகைக் கிரீஸைக் கலக்காதீர்கள். சில வகைகள் சேர்ந்தால் இளகி ஒழுகிவிடும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கையால் அழுத்தும் கிரீஸ் கன்னிலும் அழுத்தம் மிக அதிகம். அது தோலைத் துளைத்துக் கிரீஸை உள்ளே செலுத்திவிடும். வெளியே ஊசி குத்தியது போலச் சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் அப்போது குறைவாக இருக்கலாம். "சும்மா கீறல்தானே" என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "கிரீஸ் உள்ளே போய்விட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

ஷெட் சுவரில் ஒரு பலகை மாட்டி, கிரீஸ் அடித்த திகதியையும் வண்டி ஓடிய மணித்தியாலத்தையும் எழுதி வையுங்கள். பெட்டியில் ஏறிப் போகிற அக்கா, தங்கச்சிமாரே, நீங்களும் அந்தப் பலகையை ஒருமுறை பாருங்கள். "இன்னைக்குக் கிரீஸ் அடிச்சாச்சா தம்பி?" என்று கேட்பது குறை சொல்வதாகாது. அந்த வண்டியில் போவது உங்கள் உயிர்தானே!