பாட்டுக்கு ஓர் அட்டை

வீட்டிலோ பள்ளியிலோ பாடிப் பதிவு செய்த பாடல்களைத் தொகுத்து வெளியிடுவது இன்று எளிது. கைப்பேசியே ஒலிப்பதிவுக் கூடமாகிவிடுகிறது. ஆனால், அத்தொகுப்பிற்கு அட்டைப்படம் என்று வந்தவுடன் பலரும் தயங்குகின்றனர். விலையுயர்ந்த மென்பொருள் இன்றி அது இயலாது என்று எண்ணி மாதச் சந்தா கட்டுவோர் உண்டு. திருட்டுப் படியைத் தேடியெடுத்து, அதனுடன் நச்சுநிரலையும் கணினியில் ஏற்றிக்கொள்வோரும் உண்டு. இவ்விரண்டும் தேவையில்லை.

பாடல் தொகுப்பை ‘ஆல்பம்’ என்று அழைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிடப் பாடலே அடங்கும். ஆகவே, நீண்ட இசைக்குரிய பல தட்டுகளை, ஒளிப்பட ஏடு போன்ற கட்டுகளில் அடுக்கி விற்றனர். அவற்றின் அட்டைகள் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தன. அமெரிக்காவின் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்னும் இளைஞர், 1940ஆம் ஆண்டையொட்டி அவ்வட்டைகளை ஓவியங்களால் நிரப்பத் தொடங்கினார். தூரிகையும் வண்ணமும் காகிதமுமே அவருடைய கருவிகள். எழுத்துகளைக்கூட அவர் கையால் வரைந்ததுண்டு.

எனவே, மென்பொருளைத் தேடுமுன் அட்டையின் அளவை முடிவு செய்யுங்கள். குறுந்தகட்டு உறையின் முன்பக்கம் ஏறத்தாழ 12 செ.மீ. சதுரம். ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் அச்சுக் கணக்கின்படி, ஒரு பக்கத்திற்குச் சுமார் 1,420 படப்புள்ளிகள் வேண்டும். இணையத்தில் பாடல் வெளியிடும் தளங்கள் பல 3,000 புள்ளிச் சதுரத்தைக் கேட்கின்றன. பெரியதாகச் செய்து சிறிதாக்கலாம். சிறியதைப் பெரிதாக்கினால் படம் மங்கும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த ஒளிப்படத்தை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க இயலாது.

ஒளிப்படத்தைத் திருத்த ‘ஜிம்ப்’ போதும். 1995ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் இருவர் எழுதத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. அதற்குக் கட்டணம் இல்லை. அதில் உருவாக்கிய அட்டையை விற்பதற்கும் தடையில்லை. தூரிகை ஓவியம் வரைய விரும்புவோருக்குக் ‘கிரிட்டா’ ஏற்றது. ‘இன்க்ஸ்கேப்’ இவற்றினின்று வேறுபட்டது. அது வடிவங்களைப் புள்ளிகளாக அன்றிக் கோடுகளின் கணக்காகச் சேமிக்கிறது. ஆதலால், எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாது. ஒன்றைமட்டும் கற்க நேரமுள்ளவர்கள் இன்க்ஸ்கேப்பையே கற்கலாம் என்பது என் கருத்து. அட்டையில் படத்தைப்போலவே பெயரும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அப்பெயர் தமிழில் அமையுமாயின், மென்பொருளுக்கு ஒரு தேர்வு வையுங்கள். ‘கெண்டை’, ‘கொன்றை’, ‘மௌனம்’ என்னும் மூன்று சொற்களைத் தட்டச்சு செய்யுங்கள். தமிழ் எழுத்தமைப்பை அறியாத மென்பொருளில், ககரத்திற்கு முன்னே நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னே போய் நிற்கும். விலைமிக்க மென்பொருள்கள் சிலவற்றிலும், தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிடில் இவ்வாறு நேர்வதுண்டு. பழைய எழுத்துருக்களால் மற்றொரு தொல்லை உண்டு. அவை ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பெயர் பொருளற்ற குறிகளாக மாறிவிடும். ஒருங்குறி எழுத்துருவில் இச்சிக்கல் இல்லை. தமிழ்நாடு அரசும் 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ‘மீரா இனிமை’, ‘நோட்டோ சான்சு தமிழ்’ ஆகிய ஒருங்குறி எழுத்துருக்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அட்டையில் பயன்படுத்த அவற்றின் உரிமமும் இடமளிக்கிறது.

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நமக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. போபாலிலோ புவனேசுவரத்திலோ உள்ள அச்சகப் பணியாளருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கொம்பு இடம் மாறினாலும் புள்ளி விலகினாலும் அவர் கண்ணுக்கு அது பிழையாகத் தோன்றாது. ஐந்நூறு அட்டைகளும் அப்பிழையுடனே அச்சாகிவிடும். ஆகவே, இன்க்ஸ்கேப்பில் எழுத்துகளை வரைவடிவங்களாக மாற்றி, அதன்பின் கோப்பை அனுப்புங்கள். அவ்வாறு மாற்றிய எழுத்து எந்தக் கணினியிலும் உருமாறாது. மாற்றிய பிறகு அதைச் சொல்லாகத் திருத்த இயலாது என்பதால், மாற்றாத படியொன்றையும் வைத்திருங்கள்.

வண்ணத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சகமோ நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் காட்டுகிறது. திரையில் மின்னும் பச்சை தாளில் சற்று மங்கலாம். அச்சுக்குரிய பக்கத்தை நான்கு மை முறையில் ஆயத்தம் செய்ய ‘ஸ்கிரைபஸ்’ என்னும் மென்பொருள் உதவும். அதற்கும் கட்டணம் இல்லை. இணையத்தில் மட்டும் வெளியிடுவோருக்கு இக்கவலை வேண்டா.

கோப்பை அனுப்புமுன், அட்டையை உரிய அளவில் வெள்ளைத்தாளில் அச்சிட்டு, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.