பயாப்சியை ஏன் மறுபடியும் கேட்கிறோம்?

“போன வருடம்தானே தோலை வெட்டி எடுத்தீர்கள், மறுபடியும் எதற்கு?” தோலில் டி-செல் லிம்போமா இருக்கலாம் என்ற ஐயத்துடன் சிகிச்சைக்கு வருவோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முதல் பரிசோதனையில் பிழை நேர்ந்துவிட்டதோ என்ற அச்சமும் அதனுள் ஒளிந்திருக்கிறது. அந்தச் சிறு துணுக்கில் நாங்கள் எதைத் தேடுகிறோம் என்பதைச் சொன்னால் அச்சம் சற்றுத் தணியும்.

டி-செல்கள் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, உடலின் காவலர்கள். கரப்பான், சொரியாசிஸ் போன்ற அழற்சிகளிலும் அவை தோலில் திரள்கின்றன. இப்புற்றுநோயில் கெட்டுப்போவதும் அவையேதான். எனவே டி-செல்கள் இருப்பதை மட்டும் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

செல்லின் மேற்பரப்பிலுள்ள புரதங்கள் சிடி என்ற எழுத்துகளுடன் எண்ணிட்டு அழைக்கப்படுகின்றன. முதிர்ந்த டி-செல்லில் சிடி2, சிடி3, சிடி5, சிடி7 ஆகியவை பொதுவாக இருக்கும்; அவற்றுடன் சிடி4 அல்லது சிடி8 இருக்கும். ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியைக் கொண்டு மெல்லிய தோல் சீவலுக்குச் சாயமேற்றினால், அப்புரதம் உள்ள செல்கள் பெரும்பாலும் பழுப்பு நிறமாகத் தெரியும். இந்நோய்க் குடும்பத்தில் மிகுதியாகக் காணப்படும் மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸில் பெரும்பாலும் சிடி4 செல்களே ஓங்கியிருக்கும். சிடி7 மங்கும் அல்லது மறையும். (பெயரைக் கண்டு பூஞ்சைக் களிம்பு வாங்கிவிட வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில், காளானைப் போன்ற கட்டிகளைக் கண்டு இட்ட பெயர் அது. பூஞ்சைக்கும் இதற்கும் தொடர்பில்லை.)

சிக்கல் இங்கேதான். சிடி7 சில அழற்சிகளிலும் குறையும். தொடக்க நிலைப் புற்றுநோயிலோ எல்லாப் புரதங்களும் ஒழுங்காகவே இருக்கக்கூடும். மாநிறமும் கருநிறமும் கொண்ட இளையோரிடம் வெளிர்ந்த திட்டுகளாகத் தோன்றும் வகையில், சிடி4க்கு மாறாக சிடி8 செல்கள் மிகுந்திருப்பதும் உண்டு. தேமல் என்றும், வெண்புள்ளி என்றும், தொழுநோய் என்றும்கூட அது தவறாகக் கருதப்படுவதுண்டு.

ஆகவே சாயத்துடன் நிறுத்தாமல், டி-செல் ஏற்பியின் மரபணுவையும் ஆராய்கிறோம். செல்கள் அனைத்தும் ஒரே தாய்ச்செல்லின் வாரிசுகளா என்பதை அது காட்டும். அழற்சியிலும் சில வேளைகளில் அவ்வாறு தோன்றலாம். ஆனால் உடலின் இரு வேறு இடங்களில் எடுத்த துணுக்குகளில் அதே வாரிசுக் கூட்டம் தென்பட்டால் சான்று வலுப்பெறுகிறது. இரண்டாவது பயாப்சி பல நேரங்களில் இதற்காகவே.

அறிக்கையில் ‘சிடி30 பாசிட்டிவ்’ என்று கண்டு நள்ளிரவில் கைபேசியில் தேடி அஞ்சுவோரும் உளர். தானாக வந்து தானாக ஆறும் லிம்போமடாய்டு பப்புலோசிஸ் கொப்புளங்களிலும் சிடி30 காணப்படும். தீவிரமாக மாறிய சில லிம்போமாக்களிலும் காணப்படும். தோலைப் பார்த்த மருத்துவரும் நுண்ணோக்கியில் பார்த்த நிபுணரும் கலந்து பேசாமல் அச்சொல்லுக்குப் பொருள் இல்லை. சிகிச்சையைப் பொறுத்தவரை அது உதவக்கூடிய செய்தியும்கூட: பிரென்டக்சிமாப் வெடோட்டின் என்ற மருந்து அந்தப் புரதத்தையே இலக்காகக் கொள்கிறது.

உங்களிடம் நாங்கள் வேண்டுவது இரண்டு. ஸ்டீராய்டு களிம்பு அடையாளங்களை மங்கச் செய்யும். பயாப்சிக்கு எத்தனை நாள் முன்பு அதை நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். வேறிடத்தில் முன்பு பயாப்சி செய்திருந்தால், அறிக்கையுடன் அந்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி வாருங்கள். பழைய துணுக்கிலேயே புதிய சாயங்களை ஏற்றிப் பார்க்க முடியும்; சில வேளைகளில் மறுபடியும் வெட்டுவதற்கே தேவை இராது.