பழைய கார்களுக்குப் பாதுகாப்பான பிறேக் அவசியம்

பழைய பிரித்தானிய மோட்டார் கார்கள் மீது எமது மக்கள் கொண்டுள்ள பற்று வெறும் பொழுதுபோக்கு அன்று. பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அரிதாகிப்போன 1990களில், யாழ். குடாநாட்டில் நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல உதவியவற்றுள் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் அடங்கும். அத்தகைய கார்களை நாட்டின் பல பாகங்களிலும் பலர் இன்றும் பேணி வருகின்றனர்.

எனினும், அன்று குன்றும் குழியுமான வீதிகளில் மெதுவாக ஓடிய கார்கள், இன்று செப்பனிடப்பட்ட பெருந்தெருக்களில் நவீன வாகனங்களுடன் விரைகின்றன. வர்ணப்பூச்சுக்கும் இயந்திரத்திற்கும் தாராளமாகச் செலவிடும் உரிமையாளர்கள் பிறேக்கைக் கடைசியாகவே கவனிக்கின்றனர் என்பது கவலைக்குரியது.

மொறிஸ் மைனரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1948இல் அறிமுகமான இக்கார் 918 சி.சி. இயந்திரத்தையும் 7 அங்குல ட்ரம் பிறேக்குகளையும் கொண்டிருந்தது. 1962இல் இயந்திரம் 1098 சி.சி.யாக உயர்ந்தபோது, தயாரிப்பாளர்களே முன்சக்கர ட்ரம்களை 8 அங்குலமாக்கினர். வேகம் இரு மடங்கானால், பிறேக் பிடித்த பின்னர் கார் நிற்பதற்கு வேண்டிய தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே, இயந்திரத்தை வலுவாக்குபவர் பிறேக்கையும் வலுவாக்கக் கடமைப்பட்டவராவார்.

இக்காரின் பெரும் பலவீனம் ட்ரம்மின் அளவில் அன்றி, வேறோரிடத்தில் உள்ளது. ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே எண்ணெய்த் தொடர் நான்கு சக்கரங்களுக்கும் செல்கின்றது. ஒரு குழாய் வெடித்தாலே நான்கு பிறேக்குகளும் செயலிழக்கும். கைப்பிறேக் மட்டுமே எஞ்சும். இரட்டைத் தொடர் மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தினால், ஒரு பகுதி பழுதடைந்தாலும் மறுபகுதி காரை நிறுத்த உதவும். அமெரிக்காவில் புதிய கார்களுக்கு இவ்வமைப்பு 1968இலேயே கட்டாயமாக்கப்பட்டது. எனவே, முதலாவது மாற்றம் இதுவாகவே இருத்தல் வேண்டும் என்பது எமது கருத்தாகும்.

அதற்கு முன்னர், இருப்பதைச் சீர்செய்தல் அவசியம். வெடிப்புற்ற இறப்பர் குழாய்களையும் கசியும் சக்கரச் சிலிண்டர்களையும் மாற்ற வேண்டும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டொட் 4 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸாகும். ஈரமேறியதும் அது 155 பாகை வரை இறங்கக்கூடும். அவ்வெண்ணெய் மலைப்பாதை இறக்கத்தில் கொதித்தால், மிதி எவ்வித தடையுமின்றித் தரையைத் தொட்டுவிடும். இரு வருடங்களுக்கு ஒருமுறை அதனை மாற்றுவதற்காகும் செலவு அற்பமானதே.

முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிறேக் பொருத்துவது சிறந்த மேம்பாடுதான். வெப்பத்தினால் ட்ரம் விரிந்து பிடிமானம் குன்றுவது போன்ற குறை அதில் இல்லை. ஆயினும், ட்ரம் பிறேக்கின் லைனர் சுழற்சியினாலேயே மேலும் இறுகுவது போல டிஸ்க் தானாக இறுகுவதில்லை. ஆதலால் மிதியைக் கூடிய பலத்துடன் அழுத்தவோ, சேர்வோ ஒன்றைப் பொருத்தவோ நேரிடும். பழைய மாஸ்டர் சிலிண்டரிலுள்ள, குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வையும் அகற்ற வேண்டும். தவறினால் டிஸ்க் ஓயாது உரசிச் சூடேறும். முன், பின் சக்கரங்களுக்கிடையிலான சமநிலையும் முக்கியமானது. பின்சக்கரங்கள் முந்தி இறுகினால் கார் சுழன்றுவிடும். ஆகவே, கிடைத்த உதிரிப்பாகங்களை ஒட்டுப்போடுவதை விடுத்து, அனுபவமுள்ள தொழில்நுட்பவியலாளரிடம் இப்பணியை ஒப்படைப்பதே உசிதமானது.

கராஜ் தொழிலாளரின் நலனையும் நாம் மறத்தலாகாது. பழைய லைனர்களில் புற்றுநோயை விளைவிக்கும் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். ட்ரம்மினுள் படிந்த தூசியைக் காற்றடித்து அகற்றாது, ஈரத்துணியினால் துடைத்தெடுக்க வேண்டும்.

பிறேக்கை மாற்றினால் காரின் பழைமை கெட்டுவிடும் எனச் சிலர் தயங்குகின்றனர். கழற்றிய பாகங்களைப் பத்திரப்படுத்தினால், வேண்டும்போது மீளப் பொருத்தலாம். வீதியில் பறிபோகும் உயிரையோ மீளப்பெற முடியாது. பழைய கார்களைப் பேணுவோர் இதனை மனதிற்கொண்டு, தமது அடுத்த செலவைப் பிறேக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.