பசுமைக் கட்டடச் சான்றிதழும் செயல்முறை ஆற்றல் சேமிப்பு ஆவணமும்

கட்டடத்தில் தங்குவோரின் வசதிக்கு வேண்டிய விளக்கு, குளிர்சாதனம், காற்றோட்டம் ஆகியவற்றுக்கு அல்லாமல், அங்கு நடைபெறும் வேலைக்காகச் செலவாகும் ஆற்றல் செயல்முறை ஆற்றல் எனப்படும். அலுவலகத்தில் கணினி, மின்தூக்கி, உணவகத்து அடுப்பு போன்றவையும், தொழிற்சாலையில் உலை, கம்ப்ரசர், உற்பத்தி இயந்திரங்கள் போன்றவையும் இதில் அடங்கும். இந்த ஆற்றலில் செய்யும் சேமிப்பைப் பசுமைக் கட்டடச் சான்றிதழுக்காக எவ்வாறு ஆவணப்படுத்துவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் 2001-இல் தொடங்கப்பட்டது. ஐதராபாத்தில் உள்ள சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2004-இல் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாமால் திறந்து வைக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு வெளியே லீட் பிளாட்டினம் தரச்சான்று பெற்ற முதல் கட்டடம் அதுவே. பின்னர் தொழிற்சாலைக் கட்டடங்களுக்கெனத் தனித் தர மதிப்பீட்டையும் மன்றம் உருவாக்கியது.

திருவள்ளூர் மாவட்டத்தில் இதன் தேவை

கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் உள்ளன. இண்டக்‌ஷன் உலையில் ஒரு டன் இரும்பை உருக்க ஏறத்தாழ 600 யூனிட் மின்சாரம் தேவைப்படுகிறது. இத்தகைய ஆலையில் விளக்குகளை மாற்றுவதால் வரும் சேமிப்பு மிகச் சிறியது. உண்மையான வாய்ப்பு உற்பத்திப் பிரிவில்தான் இருக்கிறது. வார்த்த இரும்புக் கட்டியை ஆறவிடாமல் சூட்டோடு உருட்டும் பிரிவுக்கு அனுப்பினால், அதை மீண்டும் சூடாக்கும் எரிபொருள் மிச்சமாகும்.

விதி என்ன சொல்கிறது?

லீட் முறையில் இரு கணக்குகள் ஒப்பிடப்படுகின்றன. ஒன்று, ஆஷ்ரே 90.1 தரத்தின்படி கற்பனை செய்யப்படும் அடிப்படைக் கட்டடம்; மற்றொன்று, நாம் கட்டவிருக்கும் கட்டடம். பொதுவாகச் செயல்முறை ஆற்றலை இரண்டிலும் ஒரே அளவாகவே வைக்க வேண்டும். லீட் 2009 பதிப்பில், அடிப்படைக் கட்டடத்தின் மொத்த ஆற்றல் செலவில் இது 25 விழுக்காடு என்பது இயல்பான கணிப்பு. செயல்முறையில் சேமிப்பு உண்டு என்று கூற விரும்பினால், விதிவிலக்குக் கணக்கீட்டு முறையில் தனியாக மெய்ப்பிக்க வேண்டும்.

ஆவணத்தில் இருக்க வேண்டியவை

1. வழக்கமான முறை எது என்பதற்கான சான்று. அண்மை ஐந்தாண்டுகளில் கட்டப்பட்ட இதே வகை ஆலைகளில் உள்ள கருவிகளின் விவரம் அல்லது வெளியிடப்பட்ட ஆய்வு இதற்கு உதவும். தன் பழைய இயந்திரத்தைக் காட்டி, "இதைவிடப் புதியது மேல்" என்பது போதாது.
2. கருவிகளின் பட்டியல்: குதிரைத்திறன், செயல்திறன், இயங்கும் நேரம்.
3. மீட்டர் அளவீடுகள், அளந்த நாள், அன்றைய உற்பத்தி அளவு.
4. கணக்கீட்டின் எல்லாப் படிகளும், அனுமானங்களும்.

ஒரு மாதிரிக் கணக்கு

75 கிலோவாட் கம்ப்ரசர் ஒன்று ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடுவதாகக் கொள்வோம். 60 விழுக்காட்டு நேரம் முழுச் சுமையில் 75 கிலோவாட்டும், மீதி நேரம் காற்றுத் தராமல் வெறுமனே ஓடி 22.5 கிலோவாட்டும் எடுக்கிறது. சராசரி 45 + 9 = 54 கிலோவாட். ஆண்டுச் செலவு 3,24,000 யூனிட். வேகத்தை மாற்றும் கருவி பொருத்திய கம்ப்ரசர் அதே அளவு காற்றுக்குச் சராசரியாக 48 கிலோவாட் எடுத்தால், செலவு 2,88,000 யூனிட். சேமிப்பு 36,000 யூனிட். அடிப்படைக் கட்டடத்தின் மொத்தத் தேவை 12 லட்சம் யூனிட் எனில் இது 3 விழுக்காடு. லீட் 2009-இல் புதிய கட்டடங்களுக்கு 12 விழுக்காட்டுச் செலவுக் குறைப்பில் முதல் புள்ளியும், அதன்பின் ஒவ்வொரு 2 விழுக்காட்டுக்கும் ஒரு புள்ளியும் கிடைத்தன. ஆகவே 3 விழுக்காடு சிறிய எண் அன்று.

கவனிக்க வேண்டியது

மேற்கண்ட கணக்கில் "அதே அளவு காற்று" என்பதே உயிரான சொல். ஆர்டர் குறைந்து ஆலை பாதி நாள் மூடிக் கிடந்தாலும் மின்கட்டணம் குறையும். அது சேமிப்பு ஆகாது. எனவே ஒரு டன் உற்பத்திக்கு எத்தனை யூனிட் என்று ஒப்பிட வேண்டும். காற்றுக் குழாயின் கசிவை அடைப்பது நல்ல பராமரிப்பு. ஆனால் கசிவை அடிப்படைக் கட்டடத்தின் கணக்கில் சேர்த்துச் சேமிப்பைப் பெருக்கிக் காட்டக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

இதே மாவட்டத்தில் வடசென்னை அனல்மின் நிலையமும், 1,500 மெகாவாட் வல்லூர் அனல்மின் நிலையமும் நிலக்கரியை எரிக்கின்றன. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு எனக் கொண்டால், நம் மாதிரிக் கம்ப்ரசர் ஆண்டுக்கு 25 டன் வாயுவைத் தவிர்க்கிறது. ஏட்டில் மட்டும் காட்டிய சேமிப்பால் ஆலைக்குச் சான்றிதழ் கிடைக்கலாம். எண்ணூர்க் கழிமுகத்தின் ஓரம் வாழும் மீனவருக்குச் சாம்பலும் புகையும் குறையாது. மீட்டர் காட்டும் எண்ணும் ஆவணத்தில் எழுதிய எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அந்தச் சான்றிதழுக்குப் பொருள் உண்டு.