நவ்ரூஸும் சித்திரைப் புத்தாண்டும்: விழா நாளின் சமூக அடிப்படை

பாரசீகரின் நவ்ரூஸும் நமது சித்திரைப் புத்தாண்டும் ஞாயிற்றின் செலவைக் கொண்டு கணிக்கப்படுவன. முன்னது பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20 அல்லது 21இல் நிகழ்வது. பின்னது ஞாயிறு மேட இராசியிற் புகும் ஏப்ரல் 13 அல்லது 14இல் வருவது. விண்மீன்களை ஆதாரமாகக் கொண்ட நமது கணிப்பு, ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாளாகச் சமநாளிலிருந்து விலகி வந்தமையே இவ்விடைவெளிக்குக் காரணமாகும்.

எனினும், விழா நாளை வானம் மட்டுமே தீர்மானித்தது எனக் கொள்ளல் பொருந்தாது. அப்பாசியர் ஆட்சியில் நவ்ரூஸ் நிலவரியாண்டின் தொடக்கமாகவும் விளங்கிற்று. நாட்கணிப்புப் பிறழ்ந்தமையால், பயிர் முற்றுமுன்னரே உழவரிடம் வரி கேட்கப்பட்டது. ஆகவே 895இல் கலீபா அல் முஃததித் வரித்தொடக்கத்தை ஜூன் 11க்கு மாற்றினார். 1079இல், செல்ஜூக்கிய சுல்தான் மாலிக் ஷாவின் காலத்துச் சீர்திருத்தமே நவ்ரூஸை இளவேனிற் சமநாளில் நிலைநிறுத்திற்று.

இலங்கையிற் சித்திரை, பெரும்போக நெல் வீடு சேர்ந்தபின் வருவது. கைவிசேடம் அந்நிறைவின் அடையாளம். வயலற்ற முகத்துவாரத்திலோ, துறைமுக ஊழியருக்கு அறுவடையின் இடத்தைப் பண்டிகை முற்பணம் நிரப்புகின்றது. அது பின்வரும் மாதச் சம்பளங்களிற் கழிக்கப்படும் கடனேயாம். விழாவின் பொருளை உணர, விளைவு யார் கைக்குச் செல்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும்.